"சபை ஒரு குடும்பம்" என்கிறார்கள். இவ்வளவு சண்டை நடக்கிற இடத்தை எப்படிக் குடும்பம் என்று சொல்வது?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகப் பார்ப்பதும் தாண்டிப் போவதுமாக இருந்தேன். கேட்டவர் கீழே சின்னதாக ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறார். அவர் சபையின் பாடகர் குழுவில் இரண்டு கோஷ்டியாம். ஒரு கோஷ்டி எடுத்த பாட்டுக்கு மற்ற கோஷ்டி வாயே திறக்காதாம். போதகர் மட்டும் ஞாயிறு தவறாமல் "நாமெல்லாரும் ஒரே குடும்பம்" என்கிறாராம், அதைக் கேட்டாலே எரிச்சலாக வருகிறதாம். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் அநேகமாக சபையை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால் ஏற்கெனவே போய்விட்டு, செய்தது சரிதான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று பார்க்கிறீர்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நான் இரண்டையும் செய்தவன், அதனால் அப்படித் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால், போதகர் சொல்வது சரி, ஆனால் நீங்கள் கேட்டுக்கொள்ளும் அர்த்தத்தில் இல்லை. குடும்பம் என்றதும் நமக்கு விளம்பரத்தில் வரிசையாக நின்று சிரிக்கிற நாலு பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உங்கள் சொந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பேசாமல் இருக்கும் சித்தப்பா, எதைச் சொன்னாலும் குறை கண்டுபிடிக்கிற அத்தை, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வார்த்தையை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற அண்ணி. நண்பன் ஒத்துவரவில்லை என்றால் போன் எடுப்பதைக் குறைத்துக் குறைத்து ஒருநாள் விட்டுவிடலாம். சித்தப்பாவை என்ன செய்வது? அடுத்த கல்யாணத்தில் முன் வரிசையில் அவர்தானே உட்கார்ந்திருப்பார். சபையிலும் பக்கத்து இருக்கையில் யார் உட்கார வேண்டும் என்று உங்களை யாரும் கேட்பதில்லை.

நான் இறையியல் படித்தவன் இல்லை. "வசனத்துக்கு விரோதமாக எழுதுகிறாய்" என்று யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இது ஒரு சாதாரண சபை அங்கத்தினர் எழுதும் பதில். ஆறு வருடம் சபைப் பொருளாளராக இருந்தவன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். பொருளாளர் என்றதும் உங்களில் சிலருக்குக் கதை புரிந்திருக்கும்.

காணிக்கை எண்ணுவது எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் மூன்று பேர் உட்காருவோம். பையை மேஜையில் கொட்டி, கசங்கிய நோட்டையெல்லாம் நீவி, தலைப்பக்கம் ஒரே திசையில் வைத்து அடுக்கி, சில்லறையைத் தனியாகப் பிரித்து, மூன்று பேரும் தனித்தனியாக எண்ணி, தொகை ஒன்றாக வந்தால்தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூன்று கையெழுத்து. எல்லாரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் மட்டும் விரலில் அழுக்கோடு உள்ளே இருப்போம். இதற்குச் சம்பளமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஒரு தடவை தப்பு வந்தால் மட்டும் எல்லாருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

எனக்கு அந்த ஒரு தடவை வந்தது. வருடத்தின் கடைசி ஞாயிறு வசூலான காணிக்கையை வங்கியில் கட்டும்போது வருடம் மாறிவிட்டது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அது பழைய வருடம், வங்கிக் கணக்கில் புது வருடம். கணக்கு படித்தவர்கள் இதற்காகத்தான் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒன்று போடுவார்கள். நான் போடவில்லை, அது என் தப்புதான். ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒரு மூப்பர் எழுந்தார். ஞாயிறு பள்ளியில் எனக்கு 23ஆம் சங்கீதம் மனப்பாடம் பண்ணிக் கொடுத்தவர். சொந்தம் எதுவும் இல்லை, ஆனால் ஏழு வயதிலிருந்து அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"தம்பி, நான் குற்றம் சொல்லலை. கணக்குதான் கேட்கிறேன். ஒரு ஞாயிறு காணிக்கை எங்கே போச்சு?"

குற்றம் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் வேறு எதற்கும் வந்ததாக நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்து வங்கித் தாள்களை எடுத்துவைத்து, எங்கே போச்சு என்று காட்டிவிட்டேன். கமிட்டி "சரி, புரிந்தது" என்று குறிப்பு எழுதிக்கொண்டது. கேள்வி கேட்டது இருநூறு பேருக்கு முன்னால், பதில் போய்ச் சேர்ந்தது ஒன்பது பேருக்கு. பெரியப்பா அந்த ஒன்பதில் ஒருவர். தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "முதல்லயே இதைப் போட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை.

நான் போவதை நிறுத்திவிட்டேன். பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதமும் நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்த ஒரு பெரிய சபைக்குப் போய் வந்தேன். குறை சொல்லவே முடியாத இடம். ஆராதனை சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்து, சொன்ன நேரத்துக்கு முடியும். பாட்டு அருமை. திரையில் வரும் பாட்டு வரிகளில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சபையில் ஸ்லைடு போடுகிற தம்பிக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். "ஸ்தோத்திர பலி" என்பதை "ஸ்தோத்திர பழி" என்று போட்டு, சபையே எழுந்து நின்று கைகளை உயர்த்தி ஆண்டவருக்குப் பழி செலுத்தியது. நான் திருத்தித் தருகிறேன், வாரத்துக்கு அரைமணி நேரம் போதும் என்றேன். "பிரதர், கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர்" என்று பதில் வந்தது. கர்த்தர் இருதயத்தைப் பார்க்கட்டும், நாங்கள் திரையைத்தானே பார்க்கிறோம்? ஒற்று போடாததை எல்லாம் நான் கேட்கவே இல்லை. பழி என்றால் என்ன அர்த்தம் என்றாவது ஒருவருக்கு உறைக்க வேண்டாமா? தமிழில் பாடுகிறோம், தமிழில் ஜெபிக்கிறோம், எழுதும்போது மட்டும் அதற்கு ஒரு மரியாதை கிடையாது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

சரி, அந்தப் பெரிய சபை. போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். வாசலில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கை கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். பதினோரு மாதத்தில் என் பெயரைக் கேட்டவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் இரண்டு தடவை கேட்டார். முதல் நாலு மாதம் அது பெரிய நிம்மதியாக இருந்தது. என்னைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் ஒருவரும் என்னைப் புண்படுத்தவும் முடியாது. அப்புறம் ஒரு வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல், போகவில்லை. அடுத்த வாரம் போனேன். வாசலில் அதே கைகுலுக்கல். நான் வராததைக் கவனிக்கவில்லையே என்று கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்கள் கவனிக்கக்கூடாது என்றுதானே அங்கே போனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஒரு பக்கக் கதையாகிவிடும். அந்த மாதங்களில் நானும் சும்மா இருக்கவில்லை. பழைய சபை ஆட்கள் யாரைப் பார்த்தாலும் பெரியப்பாவின் பேச்சை எடுப்பேன். "ஊர்க் கணக்கைக் கேட்கிறவருக்குப் பெற்ற மகன் போன் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு, கேளுங்க" என்பேன். உண்மைதான், அவர் மகன் அவரோடு பேசுவதில்லை. உண்மை என்பதால்தான் சொல்ல ருசியாக இருந்தது.

அதே சமயத்தில் எங்கள் பழைய சபைப் பாடகர் குழு அண்ணன் ஒருவர் எனக்குப் போன் பண்ணி, "சபையைத் தாயா ஏத்துக்காதவனுக்குக் கடவுள் தகப்பனா இருக்க முடியாது, ஆதிச் சபைப் பிதா சொல்லியிருக்கார்" என்று பயமுறுத்தினார். தேடிப் பார்த்தேன். கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் 251 வாக்கில் எழுதியது. எழுதிய காரணம்தான் சுவாரஸ்யம். ரோமப் பேரரசன் தேசியு காலத்து உபத்திரவத்தில் பயந்து விசுவாசத்தை மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா, எந்த நிபந்தனையில் சேர்ப்பது என்று சபைகளுக்குள் பெரிய சண்டை, பிரிவினை. அந்தச் சண்டைக்கு நடுவில் வந்த வரி அது. ஆக, குடும்பச் சண்டையில் சொன்ன வார்த்தைதான். அதை எனக்கு எதிராகப் பயன்படுத்தியதும் குடும்பச் சண்டையில்தான். அண்ணனிடம் இதைச் சொன்னேன், போனை வைத்துவிட்டார்.

அப்புறம் அப்பாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. பதினாறு நாள் ஆஸ்பத்திரி. இரவில் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். நான் ஒரே பிள்ளை. மூன்றாவது இரவு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டுக்கொண்டேன். யார் சொன்னார்களோ, நாலாம் நாள் மத்தியானம் பழைய சபையிலிருந்து ஒரு அக்கா வந்து நிற்கிறார், கையில் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். எந்த இரவு யார் என்று பட்டியல். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரே பெரியப்பா பெயர், அவர் கையெழுத்திலேயே.

அந்தச் செவ்வாய் நான் அவர் வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றேதான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனபோது அவர் பிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "தூங்கினியா?" என்றார். ஒரு தாளை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

பழைய டைரியில் எழுதாத ஒரு பக்கம். அடிக்கோல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தார். நேரம், உள்ளே போனது, வெளியே வந்தது, குறிப்பு.

11.20. தூங்கவில்லை. கால் குடைகிறது என்றார். பிடித்துவிட்டேன்.
1.05. சலைன் பாட்டில் மாற்றினார்கள். நர்ஸ் வர 10 நிமிடம்.
2.40. தண்ணீர், 2 ஸ்பூன். அதற்கு மேல் கொடுக்கக்கூடாது என்றார்கள்.
3.15. மகன் சாப்பிட்டானா என்று கேட்டார். சாப்பிட்டான் என்று சொன்னேன்.
4.50. சிறுநீர் 250.

கடைசியில் கோடு போட்டு இரண்டு பக்கமும் கூட்டி, வித்தியாசம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அந்தத் தாளை நின்று படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மற்ற ராத்திரியெல்லாம் ஏன் இப்படி எழுதலை?" என்றார். இந்த மனிதரின் கணக்கால் நான் பேச்சு வாங்கியது அது இரண்டாவது தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த செவ்வாய் அதே பெரியப்பா வார்டு ஊழியரோடு சண்டை போட்டு, நான் போய்க் கும்பிட்டுச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. நான் அவர் மகனைப் பற்றிப் பேசியது அவர் காதுக்குப் போயிருக்கிறது என்று பிறகு அவர் மனைவி சொன்னார். அப்பாவுக்குத் துணையாக அவர் வந்த முதல் செவ்வாய்க்கு முன்னாலேயே போயிருக்கிறது. அவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது நான்தான், அவர் சொன்னது சந்தேகம், நான் சொன்னது வன்மம். இன்றுவரை வாய் வரவில்லை. அப்பா வீடு திரும்பிய அடுத்த ஞாயிறு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன, வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு பாட்டி சத்தமாகக் கேட்டார். இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் பாடகர் குழு கோஷ்டிக்கு வருகிறேன், அதை மறக்கவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதம் இருக்கிறதே, பிலிப்பியர், அதில் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். இரண்டு பேரும் பவுலோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். இப்போது இருவருக்கும் ஆகவில்லை. பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார், கடிதம் சபையில் எல்லாருக்கும் கேட்க வாசிக்கப்படும். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாசிக்கிறவர் அந்த இடத்துக்கு வருகிறார், பெயர் சொல்லியே படிக்கிறார். எனக்கு ஆண்டுக் கூட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் பவுல், சண்டை எதற்கு என்றும் யார் பக்கம் நியாயம் என்றும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்லிவிட்டு, மூன்றாவது ஒரு ஆளைப் பார்த்து, நீ இவர்களுக்கு உதவியாக இரு என்கிறார். அந்த மூன்றாவது ஆள் யார் என்று கடிதத்தில் இல்லை. உங்கள் பாடகர் குழுவில் நீங்கள் எந்தக் கோஷ்டி என்று கேள்வியில் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன், அது ஏன் நீங்களாக இருக்கக்கூடாது?

பவுலே லேசுப்பட்டவர் இல்லை. மாற்குவை அடுத்த ஊழியப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று, தன்னோடு ஊழியம் செய்த பர்னபாவோடு கடுங்கோபம் மூண்டு இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். இத்தனைக்கும் மாற்கு பர்னபாவுக்கு உறவுக்காரன். சொந்தக்காரப் பையனுக்காக ஒருவர் பரிந்து பேசுவது, இன்னொருவர் "அவன் போன தடவை பாதியில் விட்டுட்டுப் போனவன்" என்று பிடிவாதம் பிடிப்பது, எந்தக் கமிட்டியில் இது நடக்கவில்லை? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அதே மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியானவன் என்று வருகிறது. நடுவில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒருவேளை அங்கேயும் யாரும் மன்னிப்புக் கேட்காமல், வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்திருக்கலாம். இது என் கற்பனை, வசனம் இல்லை.

இப்போது முக்கியமான ஒன்று. நான் சகித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பம் என்ற வார்த்தையை மூடி போடுவதற்கும் பயன்படுத்துகிறார்கள். "நம்ம குடும்ப விஷயம், வெளியே போகக் கூடாது" என்று ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள்மேல் யாராவது கை வைத்திருந்தால், அடிவாங்குகிற மனைவியைப் பொறுத்துப் போ என்று அனுப்பினால், பணத்தை உண்மையிலேயே ஒருவர் எடுத்திருந்தால், அதற்குப் போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. போய்ச் சொல்லுங்கள். நல்ல குடும்பமும் அதைத்தான் செய்யும். உங்கள் எரிச்சல் அந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறது என்றால் நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, வெளியே வாருங்கள். என்னிடம் கணக்குக் கேட்டது அந்த ரகத்தில் சேராது. கேட்ட விதம்தான் வலித்தது. கேட்கவே ஆள் இல்லாத சபையில் பொருளாளராக இருக்க நான் இன்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

குடும்பத்துக்கே உரிய இன்னொரு குறை இருக்கிறது, சண்டையைவிட அதுதான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே இருக்கிற நாங்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவதில் இவ்வளவு மும்முரமாக இருப்பதால் புதிதாக வருகிறவர் கண்ணில் படுவதில்லை. கதவுப் பக்கம் கடைசி வரிசையில் ஒரு பையன் ஏழெட்டு மாதம் வந்துகொண்டிருந்தான். பிறகு காணோம். தூணோரம் ஒரு கறுப்புக் குடை மட்டும் கிடந்தது. யாருடையது என்று அறிவிப்பில் கேட்டார்கள். அந்தப் பையனுடையதாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். பெயர் என்ன என்றால் தெரியவில்லை. போன் நம்பர் யாரிடமும் இல்லை. ஆறு வருடம் அவனைப் போன்றவர்கள் போட்ட காணிக்கையையும் எண்ணிக் கையெழுத்துப் போட்ட எனக்கும் தெரியவில்லை. நான் அந்தப் பெரிய சபையில் மூன்று பேர்தான் பெயர் கேட்டார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள், இந்தப் பையனை நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. குடை இன்னும் காணிக்கை எண்ணுகிற அறையில்தான் இருக்கிறது.

இந்த வருட ஆண்டுக் கூட்டம் போன மாதம் நடந்தது. இப்போது பொருளாளர் ஒரு சின்னப் பெண், படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி, "அண்ணா, அவர் எழுந்து கேட்பாரா?" என்றாள். நிச்சயம் கேட்பார் என்றேன். வங்கிச் சரிகட்டும் பட்டியலை வரி வரியாக இரண்டு பேரும் பார்த்தோம், மணி பன்னிரண்டாகிவிட்டது.

அறிக்கை வாசிப்பதற்கு முன்னால் பிரதியை எல்லாருக்கும் கொடுத்தார்கள். பெரியப்பா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலாவது பக்கத்தைத் திறந்தார், சட்டைப் பையைத் தடவினார், திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"தம்பி, பேனா இருக்கா?"

கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.